சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது

உயர்கல்வி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆரம்பித்தாலே பேச்சு எங்கெங்கோ சுற்றி இடங்களின் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. புதிய கல்லூரிகள், கூடுதல் இடங்கள். வேண்டும்தான். ஆனால் பள்ளியோடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர், முப்பத்தைந்து வயதில் மறுபடி படிக்க நினைத்தால்? காலை பத்து மணிக்கு வகுப்பு. அவருக்கோ வேலை நேரம். அந்தக் கல்லூரியில் நூறு இடம் காலியாக இருந்தும் அவருக்கு என்ன பயன்?

இதை யாரோ எப்போதோ யோசித்துவிட்டார்கள். 1823-ல் லண்டனில், உழைத்துப் பிழைக்கிறவர்கள் மாலையில் படிக்கட்டும் என்று ஜார்ஜ் பிர்க்பெக் என்ற மருத்துவர் முன்னின்று தொடங்கிய நிறுவனம், இன்று பிர்க்பெக் என்ற அவர் பெயரிலேயே மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறது. 1830-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அப்புறம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-ல் உருவாகி 1971-ல் பாடம் தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. பிபிசியில் பாடம் ஒளிபரப்பானதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. மாணவர்களுக்கென்று தனியாக ஆசிரியர்களை ஒதுக்கினார்கள். எழுதி அனுப்பியதைப் படித்து, எங்கே தவறியது என்று குறித்துத் திருப்பி அனுப்ப ஒரு மனிதர் இருந்தார். பல வருடம் கழித்துப் பேனாவை எடுப்பவருக்கு, தன் எழுத்தை ஒருவர் பொறுமையாகப் படிக்கிறார் என்பதே பெரிய தைரியம்.

அந்த மனிதரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2012 வாக்கில் இலவச இணையப் படிப்புகள் வந்தபோது, இனி உலகமே படித்துவிடும் என்றார்கள். சேர்ந்தவர்களில் மிகச் சிலரே முடித்தார்கள். அதிலும் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! துணைக்கு ஆள் இல்லாமல் கதவை மட்டும் திறந்து வைத்தால், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அது வசதி.

பணமும் அப்படித்தான். கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம், பேருந்துச் செலவையும் மதியச் சாப்பாட்டையும் யார் கணக்கில் எடுக்கிறார்கள்? வசதி குறைந்த வீட்டில் பதினாறு வயதுக்குப் பிறகும் படிப்பவர்களுக்கு இங்கிலாந்தில் வாரம் 30 பவுண்டு வரை உதவித்தொகை கிடைத்தது. சிக்கனம் என்று சொல்லி 2011-ல் அதை நிறுத்தினார்கள். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் நிறுத்தவில்லை. 2012-ல் இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டணமும் ஏறியது. பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருந்த வயதுவந்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. கடன் தருகிறோமே என்றார்கள். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் தலைமேல் இருக்கும்போது எத்தனை பேர் துணிந்து இன்னொரு கடன் வாங்குவார்கள்?

எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று ஒவ்வொரு கல்லூரியும் விளம்பரம் செய்கிறது. சரி, அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விவரம் போடட்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள்? பாதியில் போனவர்கள் எதனால் போனார்கள்? அரசு கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்தப் பதிலைப் பார்த்துக் கொடுக்கட்டும்.