காலையில் எனக்கு எத்தனை நிமிஷம் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

இன்று தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. முந்தாநாள் சலூனிலிருந்து கிளம்பும்போது பிடரியில் உள்பக்கமாக வளைந்து, பளபளவென்று வரிசையாக இறங்கிய அதே முடிதான். இன்று வலது காதுக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது, இடது பக்கம் தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது, நெற்றியில் ஒரு கொத்து மட்டும் தனியாக வானத்தைப் பார்க்கிறது. தண்ணீர் தொட்டுப் படிய வைத்தேன். காய்ந்ததும் எழுந்துவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி 20 நிமிஷம் போராடிவிட்டு, சரி, மொத்தமாக வாரிக் கட்டிவிடலாம் என்று பார்த்தால் முன்பக்கம் படிப்படியாகக் குட்டையாக வெட்டிய லேயர் ரப்பர் பேண்டுக்கு எட்டவில்லை.

அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. எவ்வளவு எடுக்கணும்? லேயர் போடவா? காலையில் முடிக்காக எனக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டில் ட்ரையர் இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை நாள் தலைக்குக் குளிப்பேன், வேலை செய்யும்போது முடியைக் கட்டியே ஆக வேண்டுமா, மறுபடி எப்போது வெட்ட வருவேன், எதுவும் இல்லை. கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன்: 5 நிமிஷம், ஒரு சீப்பு, இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

கடைசியில் செய்கிற ப்ளோ ட்ரை இருக்கிறதே, என் முழுக் கோபமும் அதன் மேல்தான். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் விட்டுப்போகும். காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். உருண்டை பிரஷ்ஷில் சுற்றி இழுத்துச் சூடான காற்றைக் காட்டினால் கோணலாக வெட்டிய முடியும் அழகாக வளைந்துதான் நிற்கும். மறுபடி தண்ணீர் பட்டால், ஏன், காற்றில் ஈரம் ஏறினாலே போதும், பழைய நிலைக்குப் போய்விடும். அப்படியானால் அன்று நான் பார்த்து, தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வந்தது எதற்கு? பிரஷ்ஷுக்கும் சூட்டுக்கும். வெட்டு எப்படி என்பதே எனக்கு இன்று காலைதான் தெரிகிறது. ட்ரையரைக் கையில் எடுப்பதற்கு முன், தானாகக் காய்ந்த முடியை ஒரு தடவை எனக்குக் காட்டினால் என்ன?

என் நெற்றியின் வலது ஓரத்தில் ஒரு சுழி இருக்கிறது. பிறந்ததிலிருந்து இருக்கிறது. முடியின் வேர் தோலுக்குள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் முடி கிளம்பும், கத்தரி அதை மாற்றாது. சுழி இருக்கிற இடத்தில் நீளம் விட்டு வைத்தால் முடியின் கனமே அதைப் படிய வைக்கும். குட்டையாக்கினால் நட்டுக்கொள்ளும். உலர்ந்த முடியை விரலால் ஒருமுறை கோதிப் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். உட்கார்ந்த கையோடு தண்ணீரைத் தெளித்து, எல்லாவற்றையும் சீவிப் படிய வைத்துவிட்டால் எங்கிருந்து தெரியும்? என்னுடையது அலையலையான முடி வேறு. ஈரத்தில் நீண்டு தொங்கும், காய்ந்தால் மேலே ஏறும். ஈரமுடியை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு புருவம் வரை என்று அளந்து வெட்டினால், காய்ந்த பிறகு அது நெற்றியின் பாதியில்தான் நிற்கும்.

அப்புறம் அந்தப் பல் கத்தரி. "ரொம்ப அடர்த்தியா இருக்கு, கொஞ்சம் குறைச்சு விடறேன்" என்று வெட்டியவர் பதிலுக்குக் காத்திராமல் வேருக்குப் பக்கத்திலேயே நறுக் நறுக்கென்று போட்டுவிட்டார். உள்ளே குட்டையாகிப்போன முடியெல்லாம் இப்போது விறைத்து நின்று மேலே இருக்கிற நீள முடியை வெளியே தள்ளுகிறது. காதுக்கு மேலே புடைத்திருப்பது அதுதான்.

போன் செய்து சொன்னேன். "தினமும் செட் பண்ணணும் மேடம், சீரம் போட்டு ஸ்ட்ரெயிட்டனர் பிடிங்க, சரியாயிடும்" என்கிறார். எனக்குச் செட் பண்ணத் தெரியவில்லையாம். வெட்டு தன்னால் நிற்கவில்லை என்றால் அது என் கையின் குறையா? தினமும் அரை மணி நேரம் சூடு காட்டித்தான் நிற்கும் என்றால் அதை வெட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டாமா?

இது நடக்காத காரியமும் கிடையாது. 1960களில் லண்டனில் விடால் சாஸூன் என்ற முடி வெட்டும் கலைஞர் இதைத்தானே செய்து காட்டினார். வாராவாரம் சலூனுக்குப் போய் ரோலர் சுற்றி, ஸ்ப்ரே அடித்து, அது கலையாமல் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு, அலசிவிட்டு உதறினால் தானே வந்து விழும் வெட்டைக் கொடுத்தார். முடியின் போக்கையும் முகத்தின் எலும்பையும் பார்த்து வெட்டினார். 60 வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு ஸ்ட்ரெயிட்டனர் பிடிக்கச் சொல்கிறார்கள்.

எனக்கே ஒரு காலத்தில் அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். வழக்கமாக எப்படி வாரிக்கொள்வீர்களோ அப்படியே வாருங்கள் என்பார். தலையை உதறச் சொல்லி, வகிடு தானாக எங்கே விழுகிறது என்று பார்ப்பார். கொஞ்சம் வெட்டி நிறுத்தி, காயவிட்டு, மறுபடி வெட்டுவார். ஒருமுறை நான் ஆசையாகக் கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க முடிக்குத் தினம் அரை மணி நேரம் கேட்கும், உங்களால முடியுமா?" என்றார். அன்று எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் போட்டுவிட்ட வெட்டு மூன்று மாதம் வளர்ந்த பிறகும் உருக்குலையாமல் இருந்தது. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் இத்தனை சலூன் ஏறி இறங்கியும் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். நெற்றியில் நிற்கிற அந்தக் கொத்தைக் காதுக்குப் பின்னால் ஒதுக்க எனக்கு இன்னும் 6 சென்டிமீட்டர் வேண்டும். அதாவது அரை வருஷம். முந்தாநாள் வெட்டியவருக்கு அது கத்தரியின் ஒரே ஒரு நறுக்கு.