சுருக்கம் காலி, சான்று "ஊருக்கே தெரியும்", நீக்கினால் மட்டும் கோபம்

"என் கட்டுரைய இன்னாத்துக்கு நீக்கினீங்க?" தமிழ் விக்கிப்பீடியாவில் வேலூர் வட்டாரக் கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிற எல்லாருடைய பேச்சுப் பக்கத்திலும் ஓயாமல் வந்து விழுகிற கேள்வி இது. சான்று இல்லை, அதனால் நீக்கினோம் என்று பதில் சொன்னால், "நான் இந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா?" என்று அடுத்த பாய்ச்சல். தெரியும் சாமி, உங்களுக்குத் தெரியும். படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பட்டாவும் மூலப் பத்திரமும் இல்லாமல் போய், "ஊருக்கே தெரியும் சார், இது என் நிலம்தான்" என்றால் சார்பதிவாளர் எழுதிக் கொடுத்துவிடுவாரா?

முதலில் அந்தத் தொகுப்புச் சுருக்கம். கட்டுரையில் என்ன மாற்றினோம், ஏன் என்று சொல்வதற்காக, சேமிக்கப் போகும்போது கண்ணுக்கு நேரே வந்து நிற்கிற பெட்டி. 500 குறியீடு வரை எழுதலாம். தமிழில் ஓர் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறியீடாகக் கணக்காகும்; அப்படிப் பார்த்தாலும் நாற்பது சொல் தாராளமாக அடங்கும். நம்மாட்கள் எழுதுவது பூஜ்யம். மனசு வந்தால் "மாற்றம்". மாற்றம்தான் என்று எங்களுக்குத் தெரியாதா? என்ன மாற்றம், ஏன், எதை வைத்து?

இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். புதுத் தொகுப்புகள் வரிசையாக வந்து விழுகிற அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் முக்கியமாகத் தெரிவது கட்டுரைத் தலைப்பு, நேரம், பயனர் பெயர், பைட் கணக்கு (கட்டுரை எத்தனை பைட் கூடியது, குறைந்தது), சுருக்கம், அவ்வளவே. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சிக் கட்டுரையில் இறந்தவர் எண்ணிக்கையை ஒருவர் மாற்றுகிறார். இலக்கத்துக்குப் பதில் இலக்கம், ஆகவே பைட் கணக்கு 0. சுருக்கம் காலி. விஷமம் செய்கிறவர்களும் இதே மாதிரிதான் எண்களில் கை வைப்பார்கள். எதை நம்புவது? முன்னிலையாக்கிவிட்டு, அதாவது பழையபடியே திருப்பிவிட்டுப் போவதுதான் வழி. "எண்ணிக்கை இன்ன நூல், இன்ன பக்கப்படி" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தொகுப்பு பிழைத்திருக்கும். நூலுக்கு நூல் எண்ணிக்கை வேறுபட்டால் இரண்டையும் அதனதன் சான்றோடு கொடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பைட் கணக்கை வைத்தே ஊகித்துக்கொள்ளலாமே என்பவருக்கு: தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். "வேலூர்" என்ற மூன்றெழுத்து ஆறு குறியீடு, அதற்கே 18. கூட்டல் 18 என்று தெரிந்தால் அது ஒரு சொல்லா, ஒரு வசையா, யாருக்குத் தெரியும்?

சேமித்த பிறகு சுருக்கத்தைத் திருத்த வழி கிடையாது. மறந்துவிட்டால் ஒரு சின்னத் தொகுப்பு செய்து, முந்தைய மாற்றத்துக்கான காரணத்தை அதன் சுருக்கத்தில் எழுதலாம். பேச்சுப் பக்கத்திலும் சொல்லலாம். விருப்பத்தேர்வுகளில் தொகுத்தல் பகுதிக்குப் போனால் சுருக்கம் காலியாக இருக்கும்போது நினைவூட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. கணக்குத் தொடங்கிய அன்றே அதை இயக்கிவிடுங்கள். "சிறு தொகுப்பு" என்ற கட்டம் எழுத்துப்பிழைக்கு மட்டும். எண்ணை மாற்றிவிட்டு அதில் டிக் அடிப்பது கண்ணில் மண் தூவுகிற வேலை.

அடுத்தது சான்று. ஐயோ, இந்தச் சான்று! கூகுள் தேடல் பக்கத்தின் முகவரி. வாட்சப்பில் வந்த படம். தேதி இல்லாத பத்திரிகைத் துண்டு. விக்கிப்பீடியாவிலிருந்தே வரிக்கு வரி எடுத்துப் போட்ட ஒரு வலைப்பூவை அதே கட்டுரைக்குச் சான்றாகக் கொண்டு வந்து நிறுத்துவது. (வலைப்பூ இடுகையின் தேதியையும் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தையும் ஒப்பிட்டால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.) "ஆங்கில விக்கியில் இருக்கே" என்பதும் சான்று ஆகாது. அங்கே அந்த வரிக்குக் கீழே கொடுத்திருக்கிற நூலைத் திறந்து, படித்து, அதைக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்த்தால் எந்தக் கட்டுரையிலிருந்து என்று சுருக்கத்தில் சொல்வது விக்கிப்பீடியா உரிமத்தின்படி கட்டாயம், மரியாதைக்காக அல்ல.

வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பற்றி எழுத நூலே கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், எரிச்சலாக வருகிறது. காக்ஸ் எழுதிய மாவட்டக் கையேடு 1881-இல் வந்தது, ஸ்டூவர்ட் திருத்திய பதிப்பு 1895-இல். ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890. பழைய நூல்கள், இணைய ஆவணகத்தில் (archive.org) படிக்கலாம். கையேட்டில் சாதிகளைப் பற்றிய வெள்ளைக்கார அதிகாரிகளின் கருத்துகளை அப்படியே உண்மை என்று இறக்கிவைக்காமல் இருந்தால் போதும்.

நூலைக் கொடுத்தாலும் வேலை முடிவதில்லை, சான்று அந்த வரியைத் தாங்க வேண்டும். விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. பணம் வாங்காமல் கன்னிகாதானமாகவே பெண் கொடுக்க வேண்டும் என்று படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். அருமையான சான்று, ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு. 1425 என்பது கல்வெட்டின் ஆண்டு. கோயில் கட்டிய ஆண்டுக்கு அதைக் காட்ட முடியாது. "2000 ஆண்டு பழமை" என்பதற்குச் சத்தியமாக முடியாது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற கோயிலைப் பற்றிய "சாமி இல்லாத கோயில்" என்ற பழைய சொலவடையை நிகழ்காலத்தில் எழுதி வைப்பவர்களுக்கும் ஒன்று: ஜலகண்டேசுவரர் 1981-இலேயே உள்ளே வந்துவிட்டார்.

மக்கள்தொகையில் நடக்கும் கூத்து இதைவிட மோசம். 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டம் 39,36,331. சரியான எண், சரியான சான்று. ஆனால் 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டனவே! இன்றைய எல்லைக்கு அதே கணக்கெடுப்பில் 16,14,242தான். பழைய எண்ணை இன்றைய மாவட்டக் கட்டுரையின் தகவல் பெட்டியில் போட்டால், கொடுத்த சான்றே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஆற்காட்டையும் ஆம்பூரையும் இன்னும் வேலூர் மாவட்டத்தில் வைத்திருப்பதும் இதே ரகம்.

மேற்கோள் பொத்தானை அழுத்தினால் தானியங்கி, கையால், மறுபயன்பாடு என்று மூன்று வழி. தானியங்கியில் முகவரியை ஒட்டிவிட்டு ஓடிவிடாதீர்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் அது பல நேரம் தேதியையோ தலைப்பையோ கோட்டைவிடும். நூல் என்றால் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண். 400 பக்க நூலுக்குப் பக்க எண் இல்லாத சான்று யாருக்கு உதவும்? செய்தி என்றால் இதழ், தேதி, தலைப்பு, கூடவே சேமித்து வைத்த நகலின் இணைப்பு, ஏனென்றால் செய்தித் தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். பத்திக் கடைசியில் ஒரே சான்றைத் தொங்கவிடாமல் எந்த வரிக்கோ அந்த வரியின் முடிவில் வையுங்கள். செய்தியை அப்படியே ஒட்டுவது பதிப்புரிமை மீறல், நாலு சொல்லை இடம் மாற்றினாலும் மீறல்தான். படித்து, மூடிவைத்து, சொந்த நடையில் எழுதி, பிறகு திறந்து சரிபாருங்கள்.

உண்மையில் கோபம் புதியவர்கள் மேல் அல்ல. கல்லூரிக் கணினிக் கூடத்தில் பயிலரங்கு வைத்து, தடித்த எழுத்து போடக் கற்றுக்கொடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்களே, அவர்கள்மேல்தான். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குதான் தொடங்க முடியும் என்பதுகூட இவர்களுக்கு ஏழாவது மாணவி மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியவருகிறது. முந்தின நாளே அவரவர் கைபேசித் தரவில் தொடங்கிவரச் சொன்னால் முடிந்தது. புதுக் கட்டுரையை முதல் நாளே எழுத வைக்காமல், "சான்று தேவை" என்று தொங்கும் வரிகளில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, நூலைத் தேடி, பக்க எண்ணோடு மேற்கோள் போட்டு, சுருக்கம் எழுதிச் சேமிக்க வையுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் பைட்டுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள்.

பழையவர்களும் யோக்கியமில்லை. காரணம் எழுதாமல் ஒரே சொடுக்கில் முன்னிலையாக்கிவிட்டு, "சுருக்கம் எழுதக் கற்றுக்கொள்" என்று அந்தப் பிள்ளையின் பேச்சுப் பக்கத்தில் போய் எழுதுகிறவரே, உங்கள் சுருக்கம் எங்கே?