"யார் வேண்டுமானாலும்" ஜப்பான் வரலாமாம்!

ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் எடுத்த அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். மொமோச்சி கடற்கரை மணலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு "யார் வேண்டுமானாலும் வந்து இப்படி வேலை பார்க்கலாம்" என்கிறார் வீடியோ போட்ட தம்பி.

யார் வேண்டுமானாலும் முடியாது. 2024 மார்ச் கடைசியில் ஜப்பான் தொடங்கிய டிஜிட்டல் நோமேட் விசாவுக்கு (வெளிநாட்டு வேலையை ஜப்பானில் இருந்தபடியே ஆன்லைனில் பார்ப்பவர்களுக்கானது) ஆண்டு வருமானம் 1 கோடி யென் வேண்டும். நம் காசில் 50 லட்சத்துக்கு மேல். கிடைத்தாலும் 6 மாதம்தான், நீட்டிக்க முடியாது. சரி, அந்தச் சம்பளமே உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியாவே இல்லை! சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ள தமிழர் விண்ணப்பிக்கலாம், மதுரைக்காரர் முடியாது. இதைத் தம்பி ஏன் சொல்லவில்லை?

"நீ மட்டும் எப்படி அங்கே இருக்கிறாய்?" என்று கேட்பீர்கள். நான் டோக்கியோ கம்பெனி ஒன்றின் ஊழியன், வேலை விசாவில் வந்தவன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றதால் ஃபுகுவோகாவுக்குக் குடிவந்தேன். வரி, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் இங்கேதான் கட்டுகிறேன். அது வேறு, இது வேறு.

"ஆறு மாதமாவது இருக்கலாமே" என்பவர்களுக்கு: அந்த விசாவில் குடியிருப்பு அட்டை தரமாட்டார்கள். அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கும் வாடகை வீடும் குதிரைக்கொம்பு. அட்டை வைத்திருந்த எனக்கே என்ன நடந்தது? தரகர் என் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு "வெளிநாட்டவர் வேண்டாமாம்" என்று குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கடைசியில் கிடைத்த வீட்டிலிருந்து கடல் தெரியாது, எதிர்வீட்டில் காயும் துணிதான் தெரியும்.

ஊரைக் குறை சொல்லவில்லை. விமான நிலையத்திலிருந்து ஊரின் முக்கிய ரயில் நிலையமான ஹகட்டாவுக்குச் சுரங்க ரயிலில் ஐந்தே நிமிடம். குப்பையை ராத்திரியில் எடுக்கிறார்கள், என்னைப் போல அகால நேரத்தில் மீட்டிங் முடிப்பவனுக்கு அது பெரிய வசதி. இதையெல்லாம் அந்த வீடியோவில் காட்டலாமே! குப்பைப் பையோடு படியிறங்கினால் லைக் வராது போல.

"உனக்குப் பொறாமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம் சார், உச்சி வெயிலில், மணலில் உட்கார்ந்து லேப்டாப் திரையைப் படிக்கும் வித்தை எனக்கு வரவில்லை.

எனக்கு எங்கே எரிந்தது தெரியுமா? வீடியோவின் கடைசியில் வருகிற விளம்பரம், இப்படி ஜப்பான் வர வழி சொல்லித் தருகிற கட்டண வகுப்பாம். என் சித்தி மகன் பணம் கட்டிவிட்டான். இருக்கிற வேலையையும் விடப்போகிறானாம். "விட்டுவிடாதேடா, பணத்தைத் திருப்பிக் கேள்" என்றேன். அன்று ராத்திரியே சித்தி போன் செய்தார்: "நீ போய்ச் சேர்ந்துட்ட, இனிமே வேற யாரும் வரக் கூடாதா?" சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்த சித்தி. வீட்டில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன் என்று இத்தனை நாளாக நினைத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன்.

பட்டியல் ஜப்பான் அரசின் தளத்திலேயே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள். சித்தியும் பார்க்கட்டும்.