ஆமாம், காதல் கதைதான் எழுதுகிறேன்

பினாங்கில் நடந்த பாரம்பரிய விழாவில் என்னை மைக்கில் கிண்டல் செய்த அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், புண்ணியமாகப் போகும். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். யார் சிரித்தார்கள், யார் சிரித்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், யார் ராத்திரி "அக்கா, மனசுல வச்சிக்காதீங்க" என்று வாட்ஸ்அப் அனுப்பினார்கள், எல்லாம் தெரியும்.

நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. லிட்டில் இந்தியாவின் பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டும் நடைக்கு நான் கூட்டிப் போவதாக இருந்தது, போஸ்டரிலும் பெயர் போட்டிருந்தார்கள், கடைசி நேரத்தில் "வரலாறு தெரிந்த ஒருவர்" கூட்டிப் போவார் என்று மாற்றினார்கள். சரி, மாற்றட்டும். ஆனால் "காதல் கதை எழுதுற அம்மாகிட்ட விட்டா, தூணுக்குத் தூண் ஒரு ஜோடி நிக்குதுன்னு சொல்லிடுவாங்க" என்று ஓர் ஐயா மைக்கில் சொல்லித்தான் மாற்ற வேண்டுமா? எனக்கு ஒதுக்கிய வேலை குத்துவிளக்கில் இரண்டாவது திரி. முதல் திரி டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகருக்கு. அவர் வருகிற வரைக்கும் கையில் தீப்பெட்டியோடு, பட்டுப் புடவையில், வியர்த்து ஊற்ற நின்றேன். அப்போது என் தகுதி யாருக்கும் பிரச்சினையாக இல்லை.

காதல் கதை எழுதுகிறவளும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறாள். இதைத்தான் சொல்ல வந்தேன், இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அந்த ஐயா இப்படிச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன பேசினார் என்று நினைவிருக்கிறதா? "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்று கணீர்க் குரலில் முழங்கினார். சங்க காலத்திலேயே கடாரத்துச் சரக்கு காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போனது, கடாரம் இதோ பக்கத்தில் இருக்கிற கெடா மாநிலம், ஆகவே நாம் நேற்று வந்தவர்கள் இல்லை என்று. நல்ல பேச்சு, நானும் கைதட்டினேன். அந்த வரி இருப்பது பட்டினப்பாலையில். பட்டினப்பாலை என்ன பாட்டு, ஐயா? பொருள் தேடப் புறப்படச் சொல்லும் நெஞ்சிடம் ஒருவன் சொல்கிறான், அந்தப் பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று. மொத்தம் 301 அடி. துறைமுகம், சுங்கம், புலி முத்திரை குத்திய மூட்டைகள், கடாரத்துச் சரக்கு எல்லாம் அந்த ஒருத்தியைப் பிரிய மாட்டேன் என்று சொல்வதற்காக வருகிறவைதான். ஒரு காதல் பாட்டைச் சான்றாகக் காட்டிக் கைதட்டு வாங்கிவிட்டு, அதே மைக்கில் காதல் எழுதுகிறவளைக் கிண்டல் செய்ய எப்படி வாய் வந்தது?

எல்லாக் காதலும் இவர்களுக்குக் கசப்பதில்லை, அதுதான் வேடிக்கை. கார்ன்வாலிஸ் கோட்டையில் சுற்றுலாக் கூட்டத்துக்கு, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டும் மார்ட்டினா ரோசெல்ஸும் சேர்ந்து வாழ்ந்த கதையை எவ்வளவு ரசித்துச் சொல்கிறார்கள்! முறைப்படி கல்யாணம் நடந்ததற்குப் பதிவு இல்லையாம், பிள்ளைகள் பிறந்தார்களாம், அதில் வில்லியம்தான் பின்னால் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு வரைபடம் போட்டாராம். அது பாரம்பரியம். லைட் பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிப் போனவர்கள் காட்டை வெட்டிவிட்டார்கள் என்ற கதையையும் சொல்கிறார்கள், அதற்கு ஆவணம் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் ஒரு சூலியா வணிகனும், அதாவது தமிழ் முஸ்லிம் வணிகனும், மலாய்ப் பெண்ணும் என்று வாயைத் திறந்தால் மட்டும் மசாலா. ஏன், அப்படிப்பட்ட கல்யாணங்கள் இல்லாமல் ஜாவி பெரானாக்கான் என்று இந்திய, மலாய் ரத்தம் கலந்த ஒரு முஸ்லிம் சமூகமே பினாங்கில் எப்படி வந்தது? ஆகாயத்திலிருந்து குதித்தார்களா?

"நாவலில் கற்பனை கலந்திருக்கிறதே" என்பார்கள். கலந்திருக்கிறது, அட்டையிலேயே நாவல் என்று போட்டிருக்கிறேன். என் இரண்டாவது நாவலின் நாயகன் 1802-இல் இங்கே நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவன். சின்ன மருதுவின் மகன் துரைசாமியோடு 70-க்கும் மேற்பட்டவர்களைக் கம்பெனிக்காரன் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பியது வரலாறு. அந்தக் கூட்டத்தில் என் ஆளைச் சேர்த்தது நான். குவீன் தெரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அவனும் அவளும் சந்திப்பதாக ஒரு காட்சி வைக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? வைக்கவில்லை. கோயிலாக எழும்பியது 1833-இல், அதற்கு முன்னால் அங்கே சின்ன சன்னதிதான். எனவே அவர்களைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே வெயிலில் நிற்க வைத்தேன், அது 1801-இலேயே தொடங்கிவிட்டது. இவ்வளவு பார்த்து எழுதுகிறவளைத்தான் தூணுக்குத் தூண் ஜோடி என்கிறார்கள்.

என் பாட்டி கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சிலர் ஏற்கனவே கேட்டிருப்பீர்கள், தாண்டிப் போய்விடுங்கள். யுத்தத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் தனியாக வந்தவள். ஜெரஜாக் தீவில் இறக்கி நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், தனியாக வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கப்பலில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். மேல்தட்டில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஆள் "நான் உன் புருஷன்னு சொல்லு" என்றாராம். வேறு சாதி, வேறு ஊர், நாலு நாள் பழக்கம். சொல்லிவிட்டாள். துரையும் எழுதிக்கொண்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் மஞ்சள் கயிறு ஏறியது அதற்கு அப்புறம், பல மாதம் கழித்து. அந்த ஆள்தான் என் தாத்தா. ஆவணத்தை மட்டும் பார்த்தால் என் பாட்டி கல்யாணமாகி வந்தவள். பாட்டியைக் கேட்டால் வேறு கதை. இரண்டில் எது வரலாறு என்று அந்த வரலாறு தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கப்பல் காகிதத்தை ஒரு முறையாவது கையில் பிடித்துப் பார்த்திருப்பாரா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

"புத்தகம் விற்கத்தானே இதிலெல்லாம் தலை காட்டுகிறீர்கள்?" மலேசியாவில் தமிழ் நாவல் விற்று வீடு வாங்கிய ஒருவரைக் காட்டுங்கள், காலில் விழுகிறேன். என் கட்டில் அடியில் இன்னும் பெட்டிகள் இருக்கின்றன, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"பெரியவர், வயசானவர், விட்டுடுங்க" என்பவர்களுக்கு: விட்டுத்தான் இருக்கிறேன், பெயர் சொல்லவில்லையே.

"கோயில் இருக்கும் தெருவில் காதல் பேசலாமா, பிள்ளைகள் வருகிறார்களே" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருக்கு என்ன சொல்ல! கிழவன் வேஷம் போட்டு, தினைப்புனத்தில் தனியாக இருந்த பெண்ணை அண்ணன் யானையை விட்டு பயமுறுத்திக் கட்டிக்கொண்டவனுக்குத்தான் அம்மா நாம் தைப்பூசத்தில் தண்ணீர்மலை வரைக்கும் தேர் இழுக்கிறோம், வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறோம்.

அப்புறம் ஒன்று. பாரம்பரியத்தை நான் கெடுக்கிறேன் என்கிறார்களே, ஊரைக் கெடுத்தது யார்? பழைய வீடுகளின் வாடகையை ஏற்ற விடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு எடுக்கப்பட்டபோது பழைய கடைவீடுகளில் தலைமுறையாக இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நான் சின்ன வயதில் அப்பாவோடு போன முடிதிருத்தும் கடை, மரப் பலகை போட்டு உயரமாக்கி என்னை உட்கார வைப்பார்களே அந்தக் கடை, இப்போது காப்பி விற்கிறது. சுவரில் பழைய சுண்ணாம்பை அப்படியே விட்டு, அதற்கு மேல் விளக்குப் போட்டிருக்கிறார்கள், ஒரு காப்பி விலையில் அந்தக் காலத்தில் அப்பா வருஷம் முழுக்க முடி வெட்டியிருப்பார். 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தோம், ஒவ்வொரு வருஷமும் கொண்டாடுகிறோம், நல்லது. கட்டடம் இருக்கிறது, அதில் இருந்த ஆள் எங்கே? கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை, அதாவது பழங்காலக் கோயில் இடிபாட்டை, இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள் என்று 2013-இல் செய்தி வந்ததே, அதுவும் ஒரு காதல் நாவலாசிரியை செய்த வேலையா?

போன ஆட்களைத் தேடிப் போய் உட்கார்ந்து கதை கேட்டவள் நான். அந்த முடிதிருத்துபவரின் மகள் ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடியில் இருக்கிறார், அவர் அப்பாவின் கத்தியைத் தீட்டுகிற தோல் வாரை எடுத்துக் காட்டினார், நடுவில் தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது. விழாக் குழுவிலிருந்து யாராவது அவர் வீட்டு மின்தூக்கியில் ஏறியிருக்கிறார்களா? அவருக்கு அழைப்பிதழாவது போனதா? எனக்கு அவமானம் நடந்தது பெரிதில்லை என்று எழுத நினைத்தேன், பொய் சொல்வானேன், பெரிதுதான், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கு வாத்தியாரும் வங்கிக்காரரும் மேடையேறினால் ஆய்வாளர், ஒரு பெண் இருபது வருஷம் காதலை எழுதினால் மட்டும் அவள் ஒன்றும் தெரியாத அம்மா.

இனி விளக்கு ஏற்றக் கூப்பிடாதீர்கள். பொன்னாடையும் வேண்டாம், பீரோவில் இடமில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு குவீன் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் இருப்பேன். அங்கிருந்து பள்ளிவாசல், நாகூர் தர்கா, பினாங்கு தெருச் செட்டியார் கிட்டங்கிகள் என்று நடப்போம், பத்து மணிக்குள் வெயில் கொளுத்திவிடும், தண்ணீர் கொண்டுவாருங்கள். காசு கிடையாது. முடிதிருத்துபவரின் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்போம், அவசரமாகப் போகிறவர்கள் வேறு நடைக்குப் போகலாம்.