குப்பை டிஎன்ஏ இல்லீங்க, பரண் சாமான்

குப்பைமேட்டுக்கு பேர் போன சென்னை கொடுங்கையூர்ல பொறந்து வளந்தவன் நான். குப்பைன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம், மழை விட்ட மறுநாள் எங்க தெருவுல ஜன்னல தொறக்க முடியாது. அதனாலயோ என்னவோ "குப்பை டிஎன்ஏ"ன்னு எங்கயாவது படிச்சா ரொம்ப உறுத்துது. நேத்து ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்டு, "விஞ்ஞானிங்க குப்பைன்னு ஒதுக்கின 98 சதவீத டிஎன்ஏவும் வேலை செய்யுது, இத்தன வருஷம் நம்மள ஏமாத்திட்டாங்க"ன்னு. அத்தை ஒருத்தங்க, சித்தப்பா ஒருத்தர் கைதட்டி இருக்காங்க. அங்க எழுதினா நீண்டுடும்னு இங்க எழுதுறேன்.

நம்ம டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து, எல்லாம் ஏ, டி, ஜி, சிங்கிற நாலே எழுத்துதான் மாறி மாறி வரும். புரோட்டீன் செய்ய நேரடியா உதவுறது அதுல 1, 2 சதவீதம்தான். 1972ல மரபியல் விஞ்ஞானி சுசுமு ஓனோ எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் மிச்சத்துக்கு 'ஜங்க்'ங்கிற பேரு பரவுச்சு. நோபல் வாங்கின சிட்னி பிரென்னர் பின்னாடி பிரிச்சு சொன்னாரு, தூக்கிப் போடறது குப்பை, வீட்லயே வெச்சிருக்கறதுதான் ஜங்க்னு. நம்மகிட்ட அதுக்கு வார்த்தை இருக்கே, பரண் சாமான்! கால் போன ஸ்டூலு, தாத்தாவோட பாடாத ரேடியோ, யாருக்கும் தொந்தரவு இல்ல, அது பாட்டுக்கு கெடக்கும், என்னைக்காவது அதுலேர்ந்து ஒரு ஸ்க்ரூ கழட்டி எதுக்காவது போடுவோம். தமிழ்ல குப்பைன்னு போட்டதுலதான் பாதி சண்டையே வருது.

2012 செப்டம்பர்ல என்கோட்னு ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழு, 80 சதவீதத்துல ஏதோ ஒரு உயிர்வேதியியல் செயல்பாடு இருக்குன்னு சொன்னாங்க. ஃபார்வர்டு எல்லாம் அங்கேர்ந்து கெளம்பினதுதான். அடுத்த வருஷமே டான் கிராவ்ர்னு ஒரு பரிணாம உயிரியல் விஞ்ஞானி கூட்டாளிங்களோட சேந்து கடுமையா எழுதினாரு, ஒரு புரோட்டீன் வந்து ஒட்டிக்கிட்டா அந்த எடத்துக்கு வேலை இருக்குன்னு ஆயிடுமான்னு. நான் அவர் பக்கம்தான். எங்க காம்பவுண்டு சுவத்துல வாராவாரம் போஸ்டர் ஒட்றாங்க, அதுக்காகவா அந்த சுவர கட்டினோம்? மாறினா கெடுதல்னு பரிணாமம் காப்பாத்தி வெச்சிருக்கற பகுதி எவ்ளோன்னு 2014ல ஆக்ஸ்ஃபோர்டுல கணக்கு போட்டாங்க, 8.2 சதவீதம் வந்துச்சு.

வெங்காயத்த எடுத்துக்கோங்க, அதுக்கு 1600 கோடி எழுத்து, நம்மளவிட 5 மடங்கு. காசிமேட்டுல வலையில மாட்டினா வயிறு உப்புமே பேத்தை மீனு, அதோட ஜப்பான் சொந்தக்காரன் ஃபுகுவுக்கு 40 கோடிதான், ஆனா ஜீன் எண்ணிக்கை கிட்டத்தட்ட நம்ம அளவு. எல்லா எழுத்துக்கும் வேலை உண்டுன்னா வெங்காயத்துக்கு இன்னாத்துக்கு அவ்ளோ? நம்ம டிஎன்ஏல பாதிக்கு பக்கம் தன்னத்தானே காப்பி அடிச்சு பரவின துண்டுங்க, 'அலு'ங்கிற ஒரே வகை மட்டும் 10 லட்சத்துக்கு மேல இருக்கு.

அதுக்காக புரோட்டீன் ஆகாததெல்லாம் சும்மான்னு சொன்னா நானே ஒத்துக்க மாட்டேன். எங்க அக்கா பையனுக்கு பீட்டா தலசீமியா, பரம்பரையா வர்ற ரத்த நோய். மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும், ஊசி குத்தறப்ப இப்ப அழறது கூட இல்ல, கைய நீட்டிடறான். ரிப்போர்ட்ல 'ஐவிஎஸ் 1-5'னு போட்டிருக்கும், இந்தியால தலசீமியாவுக்கு அதிகமா காரணமா இருக்கற மாத்தம் அது. இன்ட்ரான்னு ஒரு பகுதி, புரோட்டீன் ஆகறதுக்கு முன்னாடி செல்லு வெட்டி எடுத்துடும், அதுல அஞ்சாவது எழுத்து ஜி இருக்க வேண்டியது சியா மாறிடுச்சு, அவ்ளோதான், எங்க வெட்டணும்னு தெரியாம, ரத்தத்துல ஹீமோகுளோபினுக்கு வேணுங்கற பீட்டா குளோபின் புரோட்டீன் சரியா உருவாகல. அக்கா, மாமா ரெண்டு பேர்கிட்டயும் இந்த மாறின ஜீன் ஒவ்வொரு காப்பி இருந்துது, ரெண்டு பேருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, இவனுக்கு ரெண்டும் சேந்து வந்துடுச்சு. 2023 நவம்பர்ல இந்த நோய்க்கு பிரிட்டன் அனுமதிச்ச கேஸ்ஜெவிங்கிற ஜீன் சிகிச்சை கூட இப்படி புரோட்டீன் ஆகாத ஒரு எடத்ததான் வெட்டுது, கருவுல இருந்தப்ப ஓடின ஹீமோகுளோபின அடக்கி வெக்கற பிசிஎல்11ஏ ஜீனோட ஸ்விட்ச், அது போச்சுன்னா அந்த ஹீமோகுளோபின் திரும்ப ஓட ஆரம்பிக்கும்.

அந்த ஒரு எழுத்து ஒரு புள்ளைய மூணு வாரத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி பெட்ல படுக்க வெக்குது, அதே நேரத்துல பல கோடி எழுத்து மாறினாலும் ஒண்ணும் ஆகாது, ரெண்டுமே உண்மைதான். அத்தை, சித்தப்பா, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. ரிப்போர்ட் அக்காகிட்டதான் இருக்கு, எந்த எழுத்துன்னு காட்டுறேன்.