பழைய ஆலயத்தின் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

கடலூர் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயம் எதையாவது புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசுவார்கள். இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, மேலே எமல்ஷன் அடிப்பார்கள். செய்பவர்கள் எல்லாரும் பக்தியோடுதான் செய்கிறார்கள், காணிக்கைப் பணத்தில்தான் செய்கிறார்கள். அதனால்தான் மனசு இன்னும் அடித்துக்கொள்கிறது.

நம் ஊர் சாதாரண ஊர் இல்லை. இந்தியாவில் குருப்பட்டம் பெற்ற முதல் புராட்டஸ்டன்ட் தமிழர் ஆரோன், கடலூர்க்காரர். ஆறுமுகமாகப் பிறந்து, 1718இல் ஞானஸ்நானம் பெற்று, 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருவானவர். இங்கே புராட்டஸ்டன்ட் மிஷன் தொடங்கியது 1737இல். 1740இல் சுவீடன்காரரான மிஷனரி கியர்னாண்டர் வந்து சேர்ந்தார். 1749இல், கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்குத் துணை போகிறார்கள் என்ற சந்தேகத்தில், ஆங்கிலேயர்கள் அவர்களிடமிருந்த கோயிலை எடுத்து இந்த மிஷனுக்குக் கொடுத்தார்கள். ஒரு சபையிடம் பிடுங்கி இன்னொரு சபைக்குக் கொடுத்ததை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நடந்தது அதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் கியர்னாண்டர் ஊரை விட்டு, கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1782இல் மறுபடி பிரெஞ்சுப் படை. அப்போது இங்கிருந்த மிஷனரி கெரிக்கே ஐயர் ஆங்கிலேய அதிகாரிகள் சிலரைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அவர் பிரசங்கம் செய்த ஆலயத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்துக் கிடங்காக்கிவிட்டார்கள். முதுநகரில் கிறிஸ்து ஆலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்.

இத்தனை சண்டையைப் பார்த்த ஊரில் மிச்சமிருக்கும் பழைய சுவர்களை நாமே கெடுக்கலாமா?

காரணம் ரொம்ப எளிது. அந்தக் காலத்துச் செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். கடலோரம் என்பதால் அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்தே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும், உப்பு மேலேயே பூத்து உதிரும். சில வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகி, செங்கல்லையே உடைக்கிறது. போன மழைக்காலத்தில் ஓர் ஆலயத்தில் (எதுவென்று சொல்லப்போவதில்லை) ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். டைல்ஸுக்கு மேலே பெயிண்ட் அப்பளம் போல உப்பியிருந்தது. விரலால் தொட்டதும் பொக்கென்று உடைந்து, உள்ளேயிருந்து சிவப்புப் பொடி கொட்டியது. அது செங்கல். கைப்பிடி அளவு செங்கல், மாவாக.

கமிட்டியில் இருப்பவர்களின் சங்கடமும் புரிகிறது. கூரை ஒழுகுகிறது, சபை பெருகிவிட்டது, பண்டிகை நாளில் பாதிப் பேர் வெளியே பந்தலில் நிற்கிறார்கள். சரி, காம்பவுண்டில் இடம் இருந்தால் புதுசாக ஒரு ஹால் கட்டுங்கள், நானும் காணிக்கை தருகிறேன். பழையதைப் பழைய முறையிலேயே பழுது பாருங்கள். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்கே கிடைக்கிறது என்று கேட்பார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கவர்னர் மாளிகையை மீட்டெடுத்தார்களே, ஆள் கிடைக்காமலா? கொஞ்சம் தேட வேண்டும், கூலியும் கூடத்தான் ஆகும்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியாகிவிட்டதா? முதலில் கீழ்ப்பகுதியில் மட்டும், செங்கல் உடையாமல் பொறுமையாகக் கொத்தி எடுங்கள். சுவரை நன்றாகக் காயவிட்டு, உப்பைத் துடைப்பத்தால் தட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லிசாக ஒவ்வொரு பூச்சாகப் பூசுங்கள். தை முடிந்து ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் பூச்சு இறுகிவிடும். அதுவரை பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.