2026 முடிந்தால் விவசாய மண்டலம் தானாக மாறிவிடுமா?

“சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026-ஓடு காலாவதி. அப்புறம் தாம்பரம், ஆவடிப் பக்கம் விவசாய மண்டலமெல்லாம் தானாகவே குடியிருப்பு மண்டலம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இந்தத் திட்டத்தில், 2026 என்பது மக்கள்தொகை, சாலை, குடிநீர்த் தேவையைக் கணித்த இலக்கு ஆண்டு. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதி அல்ல. 1976-ல் ஒப்புதல் பெற்ற முதல் திட்டம், 2008 செப்டம்பரில் இரண்டாவது வரும்வரை, 32 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. இப்போதும் அப்படித்தான்: மூன்றாவது திட்டம் ஒப்புதல் பெறும்வரை பழைய மண்டலமே செல்லும். மாற்ற வேண்டுமென்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சிஎம்டிஏ) மறுவகைப்பாட்டுக்கு, அதாவது மண்டல மாற்றத்துக்கு, விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

தரகர் “ஜனவரியில் மாறிடும் சார்” என்றால், சரி, சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு சிஎம்டிஏ இணையதளத்தில் மண்டலத்தைப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம்.